விழுந்தாலும் வலிக்காத கோட்டை

ரங்கூனில் மழை பிடித்தால் லேசில் விடாது. மே மாத நடுவில் தொடங்கினால் அக்டோபர் வரை தெருவெல்லாம் தண்ணீர், மாடிப்படியெல்லாம் ஈரக்குடை. எங்கள் வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம், ரயில் பெட்டி மாதிரி ஒரே கூடம். முன்னால் ஒரு சின்ன பால்கனி, பின்னால் சமையல்கட்டு. இதற்குள் ஏழு வயதுப் பையனும் நாலு வயதுப் பெண்ணும் சனி ஞாயிறு முழுக்க அடைந்து கிடக்க வேண்டும். கரண்டும் போய்விட்டால் டிவியும் கிடையாது. அப்போதுதான் எங்கள் வீட்டில் கோட்டை எழும்பும்.

பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுவது நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' என்று ஒரு பருவமே உண்டு. சிறுமிகள் மணலில் கட்டிய சின்ன வீட்டை ஓடி வந்து சிதைக்காதே என்று பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையிடம் கெஞ்சுவார்கள். கட்டுவதும் கலைப்பதும் சேர்ந்ததுதான் அந்த விளையாட்டு. நாலு வருஷமாகப் பிள்ளைகளோடு கோட்டை கட்டிப் பார்த்ததில் எனக்குப் பட்டதும் அதுதான். வீட்டுக்குள் கட்டுகிற கோட்டை உறுதியாக நிற்கத் தேவையில்லை. அது சுலபமாக விழ வேண்டும், விழும்போது யாருக்கும் வலிக்கக் கூடாது, விழுந்ததைக் குழந்தையே எடுத்து மறுபடி கட்ட முடிய வேண்டும். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு முறையையும் இந்த மூன்றையும் வைத்துத்தான் அமைத்திருக்கிறேன்.

இதைக் கற்றுக்கொண்டது பயந்துபோன பிறகுதான். முதல் தடவை கட்டியபோது சுவரில் புது ஆணி அடித்து, நைலான் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டி, மேலே கம்பளியைப் போட்டேன். மகன் மூன்று வயதுக்காரன். கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். பழைய சுவர், காரையோடு ஆணி பிடுங்கிக்கொண்டு வந்து அவன் கண்ணுக்கு ஒரு விரல்கடை தள்ளிப் பறந்தது. அன்றோடு ஆணி அடிப்பதை விட்டேன்.

இரண்டாவது பயம் 2025 மார்ச் 28. மண்டலே பக்கம் 7.7 அளவில் நிலம் அதிர்ந்தபோது இங்கே ரங்கூனிலும் விளக்கு ஊசலாடியது. அலமாரி மேலிருந்த எவர்சில்வர் டப்பாக்கள் கலகலவென்று சத்தம் போட்டன. அந்த அலமாரிக்கு அடியில்தான் பிள்ளைகள் வழக்கமாகக் கோட்டை கட்டுவார்கள். அன்று கட்டவில்லை, அவ்வளவுதான். இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது: பிள்ளையின் தலைக்கு மேலே துணி மட்டும்தான். பலகை இல்லை, பெட்டி இல்லை, துணியின் மேல் பாரமாக எதையும் வைப்பதும் இல்லை.

இடம் பார்ப்பது

முதலில் மேலே பாருங்கள். அலமாரி, சுவர்க் கடிகாரம், சாமி படம், கண்ணாடி, இவற்றின் நேர் கீழே வேண்டாம். அடுத்து வழி. நம் வீடுகளில் சமையல்கட்டிலிருந்து வாசலுக்குப் போக ஒரே பாதைதான், அதை மறித்தால் கொதிக்கும் குழம்போடு யாராவது தடுக்கி விழுவார்கள். பால்கனிப் பக்கம் வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் தலையணையை அடுக்கி ஏறுவார்கள், கைப்பிடிச் சுவர் எட்டிவிடும்.

தரையில் பாய் விரித்து அதன் மேல் மெல்லிய பஞ்சு மெத்தை ஒன்று போடுங்கள். டைல்ஸ் தரையில் பாய் மட்டும் போட்டால் வழுக்கும். பாய்க்கு அடியில் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து விரித்தால் கொஞ்ச நேரம் அசையாது.

அளவைப் பற்றி ஒன்று. பெரியவர்கள் கட்டினால் பெரிதாகத்தான் கட்டுவோம். பிள்ளைகளுக்கோ இடுக்கான இடம்தான் பிடிக்கும். இரண்டு பேர் உட்கார நாலடிக்கு ஐந்தடி தாராளம். உயரம் மூன்றரை அடி இருந்தால் உள்ளே உட்கார்ந்து கைதூக்கலாம். அதற்கு மேல் போனால் அது அவர்களுக்கு இன்னொரு அறையாகிவிடுகிறது, கோட்டையாக இருப்பதில்லை.

துணி

பழைய பருத்திச் சேலையை மிஞ்ச எதுவும் இல்லை. ஐந்தரை மீட்டர் நீளம், கைக்கு லேசு, காற்று போகும், வெளிச்சம் வடிந்து உள்ளே வரும். மஞ்சள் சேலைக்குள் உட்கார்ந்தால் மழை நாளிலும் வெயில் அடிப்பது போலிருக்கும். கூரைக்கு இரட்டைக் கட்டில் விரிப்பு நல்லது. கம்பளியும் பாலியெஸ்டர் துணியும் வேண்டாம். மார்ச், ஏப்ரல் வெயிலில், பள்ளி லீவு நாளில், அவற்றுக்கு அடியில் பத்து நிமிஷம் உட்கார முடியாது.

கைலிக்குத் தனி இடம் உண்டு. இரு முனையும் சேர்த்துத் தைத்திருப்பதால் அது ஒரு குழாய், சுற்றளவு சுமார் 2 மீட்டர். டீக்கடை பிளாஸ்டிக் ஸ்டூல் இரண்டை எதிரெதிரே படுக்க வைத்து, கால்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி, கைலியை இரண்டுக்கும் மேலாக மாட்டி விலக்கினால் தவழ்ந்து போகிற சுரங்கப்பாதை வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்டூலின் அடைத்த பக்கம் வழியை மறித்துவிட்டது. எங்களுக்குச் சரியாக வந்தது வேறு: நாலு ஸ்டூலை இரண்டு வரிசையாக நிறுத்தி, நடுவில் ஒன்றரை அடி வழி விட்டு, கைலியை மேலே விரித்துக் கிளிப் போட்டுவிடுவது. முட்டினால் ஸ்டூல் நகருமே தவிர அடிபடாது.

பர்மிய வீட்டுப் பிள்ளைகள் விளையாட வருகிறார்கள் என்றால் ஒரு விஷயம் மறக்க வேண்டாம். பெண்கள் கட்டும் தமேயினை ஆண்பிள்ளை தலைக்கு மேலே போடுவது அவர்களிடம் பெரிய குற்றம், அவனுடைய 'போன்', அதாவது ஆணுக்குரிய மகிமை, குறைந்துவிடும் என்பது நம்பிக்கை. ஆண்கள் கட்டும் பசோவை எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

கயிற்றுக் கோட்டை: எங்கள் வீட்டு முறை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு நடப்பதும் இதில்தான்.

வேண்டியவை: பத்து பன்னிரண்டு அடிப் பருத்திக் கயிறு, கட்டில் விரிப்பு ஒன்று, துணி கிளிப் பத்து, பூக்கட்டும் நூல், தலையணைகள், ஒரு கிலோ அரிசி அல்லது பருப்புப் பொட்டலம் நாலு.

ஒரு முனைக்கு ஜன்னல் கம்பி. இன்னொரு முனைக்குக் கட்டில் தலைமாட்டுச் சட்டம். இரண்டும் தரையிலிருந்து நாலேகால் அடி உயரத்தில் இருந்தால் போதும், ஒன்று சற்று ஏறி இறங்கினாலும் கெட்டுப்போகாது. கதவுத் தாழ்ப்பாளில் கட்ட வேண்டாம், யாராவது கதவைத் திறப்பார்கள்.

கயிற்றை நேராகக் கம்பியில் கட்டாதீர்கள். பூக்கட்டும் நூலை இரண்டு மூன்று சுற்று சுற்றிக் கம்பியில் ஒரு வளையம் போடுங்கள், கயிற்றை அந்த வளையத்தில் கட்டுங்கள். இரண்டு முனையிலும் இப்படியே. விரிப்பின் எடையை நூல் தாங்கும். பிள்ளை கயிற்றில் தொங்கினாலோ, ஓடி வந்து மோதினாலோ நூல் அறுந்து எல்லாம் மெத்தென்று கீழே வரும். கட்டி முடித்ததும் நீங்களே ஒரு கையால் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். அறுந்தால் சரி. அறாவிட்டால் ஒரு சுற்றைக் குறையுங்கள். நூல் அறுவதைப் பிள்ளைகள் எதிரிலேயே ஒரு தடவை செய்து காட்டுங்கள். பிறகு அது விழும்போது அழ மாட்டார்கள், "அறுந்துடுச்சு, நூல் கொண்டா" என்பார்கள்.

அப்புறம் தொய்வு. கயிறு விறைப்பாக இருந்தால்தான் நல்லது என்று கை தானாக இழுக்கும். அது தவறு. பத்தடிக் கயிற்றின் நடுவில் ஒரு கிலோ தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவே 3 அங்குலம் மட்டும் தொய்வு இருந்தால் கயிற்றின் இழுப்பு கிட்டத்தட்ட 10 கிலோ. அதையே 9 அங்குலம், அதாவது ஒரு சாண், தொய விட்டால் இழுப்பு மூன்றரை கிலோவுக்குள் வந்துவிடும். என் ஆணி பிடுங்கிக்கொண்டதற்குக் காரணம் பிள்ளையின் எடை மட்டும் இல்லை, நான் இழுத்துக் கட்டிய விறைப்பும்தான். ஒரு சாண் தொய்வு விட்டால் நடுக்கூரை சரியாக மூன்றரை அடியில் நிற்கும்.

விரிப்பைக் கயிற்றின் மேல் பாதிக்குப் பாதியாகப் போட்டு உச்சியில் நாலு கிளிப் மாட்டுங்கள். இரண்டு பக்கத்தையும் விரித்து, ஓரங்களைத் தலையணையாலும் அரிசிப் பொட்டலத்தாலும் அழுத்துங்கள். எட்டடி அகல விரிப்பு என்றால் அடியில் நாலடி இடம் கிடைக்கும். அம்மிக் குழவி, செங்கல், இஸ்திரிப் பெட்டி எதுவும் பாரத்துக்கு வேண்டாம். பொட்டலம் காலில் விழுந்தால் வலி ஒரு நிமிஷத்தில் போய்விடும், குழவி அப்படி இல்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. விரிப்புக்கு இரு பக்கமும் வெறும் கயிறு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த உயரம் ஓடுகிற பிள்ளையின் முகமோ கழுத்தோ படும் உயரம். அங்கே பளிச்சென்ற துணித்துண்டுகளையோ துவாலையையோ தொங்கவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது கொடி, நமக்கு எச்சரிக்கை.

வாசல் எப்போதும் இரண்டு. ஒரு பக்கம் துணி சரிந்தாலோ, தம்பி தங்கை வாசலில் உட்கார்ந்து அடம் பிடித்தாலோ உள்ளே இருப்பவர் மறுபக்கம் வெளியே வர வேண்டும். காற்றும் ஒரு வாசலில் நுழைந்து இன்னொன்றில் போகும்.

கொசுவலை

கொசுவலை கட்டும் வீட்டில் பாதிக் கோட்டை ஏற்கெனவே தயார். வலையை இறக்கி, மெத்தையின் ஓரத்தில் செருகி, வெளிப்புறம் மூன்று பக்கமும் லேசான சேலையைக் கிளிப்பால் மாட்டுங்கள். மேல்பக்கத்தை மூட வேண்டாம், வலையின் கொக்கி அந்தப் பாரத்துக்கானது அல்ல. மழைக்காலத்தில் எனக்கு இந்த முறையே பிடிக்கும். டெங்கு பரப்புகிற கொசு பகலில்தான் கடிக்கும். வலைக்குள் விளையாடினால் நிம்மதி. கொசுவர்த்திச் சுருளை எந்தக் கோட்டைக்குள்ளும், எந்தத் துணிக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அட்டைக் கோட்டை, மண்டலே மாதிரி

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வந்த பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். கடையில் கேட்டால் பழைய பெட்டியாகவும் தருவார்கள். நாலாக மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம்.

பெட்டியின் மேல்மூடியையும் அடிமூடியையும் அறுத்து எடுத்துவிட்டால் நாலு சுவர் மிஞ்சும். நிறுத்தினால் மதில். கத்தி பிடிப்பது பெரியவர் வேலை, பென்சிலால் கோடு போடுவது பிள்ளைகள் வேலை. ஜன்னலை மூன்று பக்கம் மட்டும் அறுத்து நாலாவது பக்கத்தை மடித்தால் அதுவே திறந்து மூடும் கதவு. மடிக்கிற கோட்டில் முதலில் ஸ்கேலை வைத்து ஒரு கரண்டிக் காம்பால் அழுத்தி இழுத்துவிட்டால் நேராக மடியும். அறுத்த விளிம்பில் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அட்டை விரலைக் கிழிக்கும்.

மேல் விளிம்பில் பல் பல்லாக வெட்டுவதுதான் கோட்டைக்கு முகம் தருகிறது. மதிலின் மேல் மறைந்து நின்று அம்பு எய்கிற இடத்துக்குப் பழந்தமிழில் 'ஞாயில்' என்று பெயர். பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், மதில், அகழி, ஞாயில் என்று மூன்று சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஆட்சி நடத்துவார்கள். பல் ஒன்று நாலு விரல் அகலம், இடைவெளியும் நாலு விரல்.

நாம் வாழும் நாட்டிலேயே பெரிய கோட்டை ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துக் கட்டச் சொல்லலாம். மின்டோன் அரசர் 1857-இல் மண்டலேயை நிறுவினார். அரண்மனையைச் சுற்றிய மதில் சதுரம், ஒரு பக்கம் சுமார் 2 கிலோமீட்டர். பக்கத்துக்கு மூன்று வாசல், ஆக 12 வாசல். சுற்றிலும் அகழி, அகலம் சுமார் 64 மீட்டர். 2025 நில அதிர்ச்சியில் அந்த மதிலும் இடிந்தது என்று சொன்னபோது மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் அட்டை மதிலில் ஒரு பக்கத்துக்கு மூன்று வாசல் எண்ணி வரைந்தான். எங்கள் பெட்டிக்கு 12 வாசல் அதிகம், அறுத்தால் சுவர் நிற்காது. நாலை அறுத்தோம், எட்டை வர்ணத்தில் வரைந்தோம். நீல நிறப் பசோவைச் சுற்றிலும் போட்டதும் அகழி வந்துவிட்டது.

மழைக்காலத்தில் அட்டை நமுத்துப்போகும். ஒரு வாரத்தில் அடிப்பகுதி தளர்ந்து சாயும். அரிசிக் கஞ்சிப் பசையால் ஒட்டினால் கரப்பான் பூச்சி வரும், டேப் போதும். தரையோடு படும் விளிம்பில் டேப்பைச் சுற்றி ஒட்டினால் இன்னும் சில நாள் வரும். நமுத்த பிறகு தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

மூங்கில், முற்றம் உள்ளவர்களுக்கு

பெகு பக்கம் வயல்காட்டு ஊர்களில் இருப்பவர்களுக்கு இது எளிது. கட்டைவிரல் பருமனில் ஆறடி மூங்கில் ஐந்து. நுனியிலிருந்து ஒரு முழம் கீழே எல்லாவற்றையும் சேர்த்துக் கயிற்றால் மூன்று சுற்று தளர்வாகக் கட்டி, அடியை விரித்து நிறுத்தினால் கூம்பு வடிவில் நிற்கும். சேலையைச் சுற்றினால் முடிந்தது. கணுக்களைத் தேய்த்து, பிளந்த இடங்களில் துணி சுற்றிக் கட்டுங்கள், மூங்கில் சிலாம்பு ஏறினால் எடுப்பது கஷ்டம். அடியை ஒரு விரற்கடை மண்ணில் ஊன்றினால் சறுக்காது. மூங்கில் கடினமானது என்பதால் இதை வீட்டுக்குள் நான் கட்டுவதில்லை.

வெளிச்சமும் விளையாட்டும்

கரண்ட் போனால் மெழுகுவர்த்தியை ஏற்றுவது நம் கைப்பழக்கம். கோட்டை நிற்கும் நேரத்தில் அந்த அறையிலேயே மெழுகுவர்த்தி கூடாது. சூடாகாத சார்ஜ் டார்ச்சை உள்ளே வையுங்கள், வெள்ளைத் துணியின் மேல் வெளிச்சம் பட்டால் கூரை முழுக்க விளக்காகிவிடும். கை நிழலில் மானும் நாயும் காட்டலாம். பவர் பேங்க்கைத் தலையணைக்கு அடியில் சார்ஜில் போட வேண்டாம். ஃபேன் வெளியே, வயர் கோட்டைக்குள் வராமல்.

எங்கள் தெருவில் மாடிக்கு மாடி பால்கனியிலிருந்து கயிறு தொங்கும், நுனியில் ஒரு பெரிய கிளிப். கீழே பேப்பர்காரர் பேப்பரை மாட்டிவிட்டு ஆட்டினால் மேலே இழுத்துக்கொள்வோம். பிள்ளைகள் அதையே கோட்டைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அட்டை ஜன்னலிலிருந்து ஒரு சாண் நூல், நுனியில் கிளிப். நான் பிஸ்கட் பாக்கெட்டை மாட்ட வேண்டும். ஒரு சாணுக்கு மேல் நூல் வேண்டாம், கழுத்தைச் சுற்றும் நீளம் ஆபத்து.

யார் என்ன செய்வது? மூன்று வயது தலையணை சுமக்கும். ஐந்து வயது கிளிப் மாட்டும், கையில் பலம் வருவதற்கும் நல்லது. ஏழு வயதுக்கு முடிச்சு சொல்லித்தரலாம். பத்து வயதுப் பிள்ளை இருந்தால் கயிற்றின் தொய்வை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் கட்டி முடித்து "வாங்க உள்ளே" என்று கூப்பிட்டால் அரைமணி நேரத்தில் சலித்துவிடும். அவர்கள் கோணலாகக் கட்டியது இரண்டு நாள் ஓடும். கோணலைச் சரிசெய்ய எனக்குக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்வேன்.

மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தையைத் துணிக் கூரைக்கு அடியில் தனியாக விடாதீர்கள். தூங்கிவிட்டால் தூக்கி வெளியே படுக்க வையுங்கள். பெரிய பிள்ளைகள் இரவும் உள்ளே தூங்கக் கேட்பார்கள். கயிறு இல்லாத கொசுவலைக் கோட்டை என்றால் சரி என்பேன்.

கலைப்பது

ஒரே நாளில் கலைக்காதீர்கள். இடம் இடைஞ்சல்தான், ஆனால் மறுநாள் காலையில் எழுந்ததும் கோட்டை அங்கேயே நிற்பதைப் பார்க்கிற முகத்துக்காக ஒரு நாள் சுற்றி நடக்கலாம். கயிற்றை மட்டும் இரவில் அவிழ்த்துவிடுங்கள்.

கலைக்கும்போது எல்லாம் ஒரே பையில் போக வேண்டும். அரிசி வந்த பெரிய சாக்குப்பை ஒன்றைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். கயிறு, கிளிப், பூக்கட்டும் நூல் கண்டு, டார்ச், மூன்று சேலை, இரண்டு கைலி. அரிசிப் பொட்டலம் மட்டும் சமையல்கட்டுக்குத் திரும்பிப் போகும். போன வாரம் பையைத் திறந்தபோது அடியில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. என் தனகா கட்டை, இங்கே அரைத்து முகத்தில் பூசுகிற மரக்கட்டை. ராணி முகத்தில் பூச வேண்டாமா என்று மகள் எடுத்து வைத்திருக்கிறாள். கட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, கொஞ்சம் அரைத்து ஒரு மூடி டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.